எரியும் எழுத்து: போட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் தீச்சுடர் மூட்ட 24 குறிப்புகள்

கபடிப் போட்டிச் சுவரொட்டி, பட்டிமன்றத் தலைப்பு, யூடியூப் முகப்புப் படம் எதுவானாலும் "எழுத்து எரியற மாதிரி வேணும்" என்று கேட்பவர்கள் குறைவதே இல்லை. கேட்டவுடன் பலரும் எழுத்துக்குள் சிவப்பையும் மஞ்சளையும் ஊற்றி, சுற்றிலும் ஆரஞ்சு ஒளியைப் பூசிவிடுகிறார்கள். கிடைப்பது ஜிகினாத் தாள் ஒட்டிய எழுத்து. அதில் தீ இல்லை. எரியும் எழுத்துக்கு வேலை வரிசை வேறு. முதலில் இருட்டு, அதில் கறுப்பு வெள்ளையாகச் சுடரின் வடிவம், நிறம் கடைசியில். கீழே உள்ள குறிப்புகளும் அதே வரிசைதான். போட்டோஷாப்பை அடிப்படையாக வைத்துச் சொல்லியிருக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பில் வழி மாறும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறோம். எடுத்துக்காட்டுச் சொல்: வெற்றி.

தொடங்கும் முன்

1. முதலில் நிஜ நெருப்பைக் கவனியுங்கள். சூடேறும் பொருள் சுமார் 525 டிகிரி செல்சியஸில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று மாறும். சுடரில் நாம் காணும் மஞ்சள், அதிலுள்ள கரித்துகள்கள் இப்படிச் சூட்டில் ஒளிர்வதால் வருவது. எனவே படத்தில் எழுத்தை ஒட்டிய இடம் வெளுத்த மஞ்சளாகவும், நடுப்பகுதி ஆரஞ்சாகவும், நுனி கருஞ்சிவப்பாகவும் இருந்து, அதன்பின் இருட்டில் கரைய வேண்டும். வரிசை தலைகீழானால் ஏன் என்று சொல்லத் தெரியாதவருக்கும் அது பொய்யாகப் படும்.

2. எரிய வைக்கும் சொல் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. நாள், நேரம், இடம், தொலைபேசி எண் இவற்றில் தீ வைக்காதீர்கள். அவை படிப்பதற்கானவை.

3. தடித்த ஃபாண்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய கோடுகளைச் சுடர் விழுங்கிவிடும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கேட்டமரான், அனெக் தமிழ், பலூ தம்பி 2 ஆகியவற்றின் மிகத் தடித்த வகைகள் இந்த வேலைக்குத் தோதானவை. கையெழுத்துப் பாணி ஃபாண்ட்டுகளைத் தவிர்க்கலாம்.

4. தட்டிய எழுத்து சரியாக வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழைத் தட்டினால் 'வெ' என்பதன் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எடிட் – பிரிஃபரன்சஸ் – டைப் பகுதியில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, புதிய கோப்பில் தட்டிப் பாருங்கள். பாராகிராஃப் பேனலின் மெனுவிலும் தேடலாம். பாமினி போன்ற பழைய ஃபாண்ட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவற்றுக்கு உரிய விசைப்பலகை முறையில்தான் தட்ட வேண்டும். கிம்ப் யூனிகோடு தமிழை எந்த அமைப்பையும் மாற்றாமலே சரியாகக் காட்டும்.

5. கோப்பைச் சிறியதாகத் தொடங்குங்கள். அகலம் 1200 பிக்சல், உயரம் 800 பிக்சல் போதும். கலர் மோடில் கிரேஸ்கேல், 8 பிட். பின்னணி முழுக் கறுப்பு, எழுத்து முழு வெள்ளை. சுடர் உருவாக்கப் போகும் 'விண்ட்' ஃபில்டருக்கு போட்டோஷாப்பில் அளவு கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. பெரிய கோப்பில் அதே கீற்று எழுத்தின் மேல் முளைத்த முடியைப் போல் குட்டையாகத் தெரியும். பெரிதாக்கும் வழி 22ஆம் குறிப்பில் இருக்கிறது.

6. எழுத்தைக் கோப்பின் கீழ்ப் பாதியில் வையுங்கள். தீ மேலே போகும், மேலே இடம் வேண்டும். தலைப்பு இரண்டு வரியாக இருந்தால் மேல் வரியை மட்டும் எரிய விடுங்கள். கீழ் வரியையும் எரித்தால் அதன் சுடர் மேல் வரியின் காலைச் சுட்டு, இரண்டும் படிக்க முடியாமல் போகும்.

கறுப்பு வெள்ளையில் சுடர்

7. கன்ட்ரோல்-ஜே அழுத்தி எழுத்து லேயருக்கு ஒரு நகல் எடுத்து, அதன் கண் அடையாளத்தை அணைத்து மறைத்து வையுங்கள். கடைசியில் எழுத்தைக் காப்பாற்றப் போவது இந்த நகல்தான். மற்றொன்றைப் பின்னணியோடு கன்ட்ரோல்-இ கொடுத்து ஒன்றாக்குங்கள். வெள்ளையும் கறுப்பும் ஒரே லேயரில் இருந்தால்தான் விண்ட் கீற்றுகளை இழுக்கும்.

8. போட்டோஷாப்பின் விண்ட் இடவலமாக மட்டுமே வீசும். அதனால் படத்தைச் சாய்க்க வேண்டும். இமேஜ் – இமேஜ் ரொட்டேஷன் போய், 90 டிகிரி கவுன்ட்டர் கிளாக்வைஸ் திருப்புங்கள். எழுத்தின் தலை இடப்பக்கம் வரும். ஃபில்டர் – ஸ்டைலைஸ் – விண்ட் திறந்து, மெத்தடில் 'விண்ட்', டைரக்‌ஷனில் 'ஃபிரம் தி ரைட்' கொடுங்கள். ஒருமுறை போதாது. இரண்டு மூன்று முறை கொடுத்தால் கீற்றுகள் நீளும். கடைசி ஃபில்டரைத் திரும்பப் போட பழைய பதிப்புகளில் கன்ட்ரோல்-எஃப், புதியவற்றில் ஆல்ட்-கன்ட்ரோல்-எஃப். 'பிளாஸ்ட்' என்ற வகை கீற்றைப் பட்டையாக்கிவிடும், அது வேண்டாம். முடிந்ததும் படத்தை நேராக்குங்கள்.

9. கிம்ப்பில் சாய்க்கும் வேலையே இல்லை. ஃபில்டர்ஸ் – டிஸ்டார்ட்ஸ் – விண்ட் திறந்தால் மேல், கீழ் திசைகளும் இருக்கும். முன்னோட்டத்தைப் பார்த்து, கீற்று மேல்நோக்கிப் போகும் திசையைத் தேர்ந்தெடுங்கள். வலிமையைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்லைடரும் உண்டு. ரெண்டர் பட்டியலில் 'ஃபிளேம்' என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அது கணிதச் சமன்பாட்டால் வரையும் ஃபிராக்டல் கோலம், எழுத்தை எரிக்க உதவாது.

10. கீற்றுகள் இப்போது சீப்பால் வாரியது போல் கூர்மையாக இருக்கும். ஃபில்டர் – பிளர் – காஸியன் பிளர் திறந்து 1.5 முதல் 2.5 பிக்சல் வரை கொடுத்து மென்மையாக்குங்கள். அதற்கு மேல் போனால் தீ மறைந்து பனிமூட்டம் வந்துவிடும்.

11. உயிர் வருவது லிக்விஃபையில். ஷிஃப்ட்-கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி, ஃபார்வர்டு வார்ப் கருவியை எடுங்கள். பிரஷ் அளவு 40 பிக்சல் வரை. எழுத்தின் மேல் விளிம்பில் தொடங்கி, இடது வலது என்று சற்றே வளைத்து மேலே இழுங்கள். சில சுடர்களை உயரமாக, சிலவற்றைக் குட்டையாக. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டை ஒன்றையொன்று நோக்கிச் சாய்த்து, நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிதான் இரண்டையும் நாக்குகளாகப் பிரித்துக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் ஒரே பக்கம் சாய்த்தால் புல்வரப்பாகிவிடும். பலர் பயன்படுத்தும் 'ரிப்பிள்' ஃபில்டரில் அலை ஒரே சீராக வருவதால் பாய் பின்னியது போலிருக்கும், கைதான் நல்லது. கிம்ப்பில் இதே வேலையை வார்ப் டிரான்ஸ்ஃபார்ம் செய்யும்.

12. தமிழ் எழுத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடம் புள்ளியும் மேல்விலங்கும். 'வெற்றி'யை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். 'ற்' எழுத்தின் முதுகிலிருந்து கிளம்பும் கீற்றுகள் நேரே புள்ளிக்குள் போய் முட்டி, அதை மூழ்கடித்திருக்கும். புள்ளி போனால் சொல் 'வெறறி' ஆகிவிடும். கறுப்பு பிரஷ்ஷை 50 சதவீத ஒப்பாசிட்டியில் வைத்து, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு மெல்லிய இருட்டுக் கோட்டை மீட்டெடுங்கள். புள்ளிக்கு மேல் சின்னதாகத் தனிச்சுடர் விடுங்கள். 'றி'யின் மேல்விலங்கு ஏற்கெனவே உயரம் என்பதால் அதன் மேல் வரும் சுடரைப் பாதியாகக் குறைக்கலாம்.

13. அதே பிரஷ்ஷால் எழுத்தின் வயிற்றையும் கவனியுங்கள். 'வ', 'ண', 'ழ', 'ள' போன்ற எழுத்துகளின் வளைவுக்குள் கீழ்க் கோட்டிலிருந்து கீற்று எழும்பி ஓட்டையை அடைத்திருக்கும். உள்ளே முக்கால்வாசி இருட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் எழுத்தின் உருவம் திரும்பிவிடும்.

நிறம் ஏற்றுதல்

14. பழைய வழி, இன்றும் கைவிடாத வழி: இமேஜ் – டூப்ளிகேட் கொடுத்துக் கோப்பை நகலெடுங்கள். நகலில் இமேஜ் – மோட் – இண்டெக்ஸ்டு கலர். பிறகு அதே மோட் மெனுவில் 'கலர் டேபிள்' திறந்து 'பிளாக் பாடி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சூடேறும் பொருள் கறுப்பிலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று மாறும் வரிசையில் அமைந்த நிறப்பட்டியல் அது. ஒரே கிளிக்கில் சாம்பல் நிறச் சுடர் தீயாக மாறும். உடனே ஆர்ஜிபி மோடுக்கு மாற்றிவிடுங்கள். இண்டெக்ஸ்டு கலரில் லேயர்கள் ஒன்றாகிவிடும், மறைத்து வைத்த லேயரும் போய்விடும். நகலில் செய்யச் சொன்னது அதற்காகத்தான்.

15. பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டுமென்றால் கிரேடியன்ட் மேப். முதலில் கோப்பை ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். லேயர்களை ஒன்றாக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். லேயர் – நியூ அட்ஜஸ்ட்மென்ட் லேயர் – கிரேடியன்ட் மேப் திறந்து, இந்த ஐந்து நிறங்களை வையுங்கள்: 0 சதவீதத்தில் கறுப்பு, 30இல் 120-0-0, 55இல் 255-80-0, 80இல் 255-200-0, 100இல் 255-255-220. எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில். நுனி அதிகம் சிவக்க வேண்டுமா, 30ஐ 40க்கு நகர்த்துங்கள்.

16. கிம்ப்பில் கிரேடியன்ட் பட்டியலில் 'இன்கேன்டசன்ட்' என்று ஒன்று தயாராகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, படத்தை ஆர்ஜிபிக்கு மாற்றி, கலர்ஸ் – மேப் – கிரேடியன்ட் மேப் கொடுத்தால் முடிந்தது.

17. நிறம் ஏற்றியதும் எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தில் கை வைக்காதீர்கள். கோளாறு அடியிலுள்ள சாம்பலில் இருக்கிறது, அது தேவைக்கு மேல் வெளுத்திருக்கிறது. சுடர் லேயருக்கு மேலும் கிரேடியன்ட் மேப்புக்குக் கீழுமாக ஒரு லெவல்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் செருகி, நடு முக்கோணத்தை வலப்பக்கம் தள்ளுங்கள். மஞ்சள் சுருங்கி ஆரஞ்சும் சிவப்பும் விரியும். எல்லாம் கருஞ்சிவப்பாகக் கிடந்தால் அதே முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளுங்கள்.

எழுத்தைக் காப்பாற்றுதல்

18. மறைத்து வைத்த எழுத்து லேயரை இப்போது மேலே கொண்டுவாருங்கள். அதை வெள்ளையாகவே விடாமல் கறுப்பாகவோ அடர்ந்த அரக்குச் சிவப்பாகவோ மாற்றுங்கள். சுற்றிலும் தீ, நடுவே இருண்ட எழுத்து என்றால் பத்தடி தூரத்திலிருந்தும் படிக்கலாம். பிறகு ஒரு லேயர் மாஸ்க் சேர்த்து, மேலிருந்து கீழாகக் கறுப்பு-வெள்ளை கிரேடியன்ட் இழுத்தால் எழுத்தின் தலை தீயில் கரைந்தும் கால் தெளிவாகவும் நிற்கும். மேல் கால்பங்குக்கு மேல் கரைய விடாதீர்கள்.

19. இதே எழுத்து லேயருக்கு லேயர் ஸ்டைலில் இரண்டு போதும். அவுட்டர் குளோ: பிளெண்ட் மோட் ஸ்கிரீன், நிறம் சிவப்பு, அளவு எழுத்தின் கோட்டுத் தடிமன் அளவுக்கு. இன்னர் குளோ: பிளெண்ட் மோட் கலர் டாட்ஜ் அல்லது ஸ்கிரீன், நிறம் மஞ்சள், அளவு 5 பிக்சலுக்குள். பெவல், டிராப் ஷேடோ இரண்டும் வேண்டாம். எரிகிற பொருள் தானே வெளிச்சம் தருகிறது, அதற்குப் பின்னால் நிழல் விழுவது பொருந்தாது.

20. புதிய போட்டோஷாப்பில் ஃபில்டர் – ரெண்டர் – ஃபிளேம் என்று தனி வசதியே உண்டு. அது பாத் இருந்தால்தான் வேலை செய்யும். எழுத்து லேயர் மேல் வலது கிளிக் செய்து 'கிரியேட் வொர்க் பாத்' கொடுத்து, புதிய காலி லேயரில் ஃபில்டரைப் போடுங்கள். வகையில் 'மல்டிபிள் ஃபிளேம்ஸ் ஒன் டைரக்‌ஷன்'. ஒரு தொல்லை: வளைவுகளின் உள்விளிம்பும் பாத்தாக வருவதால் எழுத்தின் வயிற்றுக்குள்ளும் தீ பிடிக்கும். பாத் செலக்‌ஷன் கருவியால் உள்வளையங்களைத் தேர்ந்தெடுத்து முதலிலேயே நீக்கிவிடுங்கள். தரத்தைக் குறைவாக வைத்துச் சோதித்து, திருப்தியானபின் கூட்டுங்கள். இல்லாவிட்டால் கணினி நெடுநேரம் யோசிக்கும்.

21. நிஜத் தீயின் படத்தைச் சேர்த்தால் நம்பகம் கூடும். கார்த்திகைத் தீபத்தன்று கோயில் முன் சொக்கப்பனை கொளுத்துவார்கள். இருட்டு வானத்துக்கு எதிரே உயரமான தீ, இதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. தள்ளி நின்று, கைபேசித் திரையில் தீயின் மேல் தொட்டு, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து எடுங்கள். குறைக்காவிட்டால் தீயின் நடுப்பகுதி வெறும் வெள்ளையாகி, சுடரின் மடிப்புகள் போய்விடும். அந்தப் படத்தை எழுத்தின் மேல் வைத்து பிளெண்ட் மோடை 'ஸ்கிரீன்' ஆக்கினால் கறுப்பு மறைந்து தீ மட்டும் நிற்கும். அதே காரணத்தால் வெள்ளைப் பின்னணியில் தீயும் சேர்ந்து மறையும். வெளிர்நிறச் சுவரொட்டியானால் தலைப்புக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டையைப் போட்ட பிறகே தீ மூட்டுங்கள்.

அச்சுக்கும் கைபேசிக்கும்

22. ஃபிளெக்ஸுக்கோ பெரிய சுவரொட்டிக்கோ போகும்போது சுடரை மட்டும் தனி லேயராகப் பெரிதாக்குங்கள். தீ இயல்பிலேயே மங்கலானது என்பதால் மூன்று நான்கு மடங்கு இழுத்தாலும் குறை தெரியாது. எழுத்தை இழுக்காதீர்கள். டைப் லேயர் டைப்பாகவே இருக்கும்வரை எந்த அளவிலும் விளிம்பு கூர்மையாக இருக்கும். மேலே கூர்மையான எழுத்து இருந்தால், பின்னாலுள்ள தீ மங்கல் என்று யாருக்கும் தோன்றாது. அச்சகத்தில் உங்கள் ஃபாண்ட் இல்லாமல் போகலாம். கோப்பின் ஒரு நகலில் டைப் – கன்வர்ட் டு ஷேப் கொடுத்து அனுப்புங்கள்.

23. திரையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, மையில் அப்படி வராது. கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி மங்கும் என்று முன்கூட்டியே தெரியும். நீலப்பச்சை மையான சயான் தீயில் கலந்தால் ஆரஞ்சு அழுக்கேறும். சுடரின் பளிச்சிடும் பகுதிகளில் அதைப் பூஜ்யத்துக்கு அருகில் வைத்து, மஞ்சள் 100, மஜந்தா 60–70 என்று வையுங்கள். நிறத்தைக் கூட்டிப் பயனில்லாத இடத்தில் பின்னணியை இன்னும் இருட்டாக்கினால் தீ தானே பிரகாசமாகும். கைபேசிக்கு அனுப்புவதென்றால் சிக்கல் வேறு. இருட்டில் கரையும் சிவப்பு, படம் சுருக்கப்படும்போது படிப்படியான பட்டைகளாக உடையும். ஃபில்டர் – நாய்ஸ் – ஆட் நாய்ஸில் 1 முதல் 2 சதவீதம் தூவி, பிஎன்ஜியாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

24. இந்த வேலை அடிக்கடி வருமென்றால் ஆக்‌ஷன் பதிவு செய்துவிடுங்கள். ஆல்ட்-எஃப்9 அழுத்தி ஆக்‌ஷன்ஸ் பேனலைத் திறந்து, புதிய ஆக்‌ஷன் தொடங்கி, நகலெடுப்பது, ஒன்றாக்குவது, திருப்புவது, விண்ட், நேராக்குவது, பிளர் வரை செய்து பதிவை நிறுத்துங்கள். அடுத்த முறை சொல்லைத் தட்டி பிளே பட்டனை அழுத்தினால் சாம்பல் சுடர் தயார். லிக்விஃபையையும் புள்ளி மீட்கும் வேலையையும் மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் செய்யுங்கள். சொல்லுக்குச் சொல் புள்ளியும் விலங்கும் இடம் மாறும். தவிர, ஒரே சுடர் இரண்டு சுவரொட்டிகளில் வந்தால் தெருவில் போகிறவர் கூடக் கண்டுபிடித்துவிடுவார்.